நானூற்று எண்பத்தாறு வரைக்கும்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஸ்கேன் சென்டரில் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் 'நூறு வருஷம்'தான். "நூறு வருஷம் வந்தாச்சா?" "நூறு வருஷம் சாப்பிடப் போயிருக்கார்." புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி அது அவருடைய வயதைக் கேலி செய்வது என்று நினைத்துக்கொண்டு, ஒரு வாரம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் பாவப்பட்டாள். அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்றுதான்.

விஷயம் இதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் சென்டரில் படங்களை டிஸ்க்கில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தபோது அந்த வேலை இவர் தலையில் விழுந்தது. வெற்று டிஸ்க்குகள் வந்த டப்பாவின் மேல் 'நூறு ஆண்டுகள் வரை' என்று அச்சடித்திருந்தார்கள். 'நூறு' பெரிய எழுத்தில், 'வரை' சின்ன எழுத்தில். அச்சில் வந்துவிட்டால் வேதவாக்கு என்று நம்பும் ரகம் அவர். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒவ்வொருவரிடமும் டிஸ்க்கை நீட்டியபடியே, "பத்திரமா வைங்க, நூறு வருஷம் இருக்கும்" என்பார். எண்பது வயதுக்காரர் ஒருவர், "அவ்வளவு எனக்கெதுக்கு தம்பி? பாதி போதும், மீதியை வேற யாருக்காவது குடு" என்று சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்றைக்கு வந்த பெயர்.

மனிதர் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். முதலில் டிஸ்க்கின் மேல் பால்பாயின்ட் பேனாவால் பெயரைக் கிறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மனுஷனுடைய நுரையீரலையும் மூளையையும் கொடுக்கிறோம், அதைக் கடைச் சீட்டு மாதிரியா கொடுப்பது? தேடிப் பிடித்து வட்டமான பசைக் காகிதம் வாங்கினார். பெயர், வயது, தேதி, எந்தப் பாகம், கீழே நீல எழுத்தில் சென்டரின் பெயர் என்று அழகாக அச்சடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவில் பொருத்தி, கட்டைவிரலால் ஓரம் வரைக்கும் நீவி ஒட்டுவார். ஒரு மயிரிழை விலகினாலும் அவருக்கு அன்றைய சோறு இறங்காது. "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கே!" என்று சொல்லாத நோயாளி இல்லை. சென்டரின் பத்தாவது ஆண்டு விழாவில் பெரிய டாக்டர் அவரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு டிஸ்க். ஒன்று கையில், ஒன்று சென்டரின் ஸ்டோர் ரூமில். கம்ப்யூட்டரில் ஐந்து வருஷப் படங்கள்தான் இருக்கும். அதற்கு முந்தியது எல்லாம் அந்த அறையின் அலமாரிகளில்தான். பதினோராயிரம் டிஸ்க், பதினோராயிரம் லேபிள், எல்லாம் அவர் கை.

அவர் மனைவி பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் இல்லாமல் அந்த அம்மாளைப் பார்த்தவர்கள் குறைவு. வீட்டிலும் பாதி நிர்வாகம் விசிலில்தான் நடந்தது. ஒரு சின்ன ஊதல் என்றால் சாப்பாடு தயார். இரண்டு என்றால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, எழுந்து வா. நீளமாக ஒன்று என்றால் கணவர் ஏதோ தப்பு செய்திருக்கிறார், எந்த அறையில் இருந்தாலும் ஆஜராக வேண்டும். மகள் கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போன பிறகு எல்லா விசிலும் இவருக்கே வந்தது. அவர் குறைப்பட்டுக்கொள்வார், ஆனால் அந்த நீள ஊதலில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. "நாலு மைதானம் தாண்டிக் கேக்கும்" என்று சென்டரில் சொல்லிக்கொள்வார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாள் தடை ஓட்டத்துக்கான மரச்சட்டங்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் படிக்கட்டில் இறங்கும்போது உருண்டு விழுந்தார். எங்கே அடி என்று தெரியாததால் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஸ்கேன் எடுத்தார்கள். ஆயிரத்து இருநூறு படங்கள். எலும்பு முறியவில்லை, உள்ளே ரத்தம் கசியவில்லை என்று இரண்டு வரியில் ரிப்போர்ட் வந்தது. டிஸ்க்கை இவர்தான் எழுதினார். பயந்திருந்ததால் வீட்டுக்கான டிஸ்க்கில் லேபிள் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. ஊருக்கெல்லாம் நேராக ஒட்டியவன் சொந்தப் பெண்டாட்டிக்குக் கோணலாகவா ஒட்டுவது? உரித்தால் கிழியும். அதனால் அதன் மேலேயே இன்னொரு லேபிளை, இந்த முறை கனகச்சிதமாக, ஒட்டினார். டிஸ்க் வீட்டு அலமாரியில் கல்யாணச் சான்றிதழுக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

இந்த வருஷம் டீச்சருக்கு ஒரு மாதமாக இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரிய, இவருடைய சென்டரிலேயே ஸ்கேன் எடுத்தார்கள். இடது நுரையீரலின் கீழ்ப்பக்கம், பட்டாணி அளவில் ஒரு புள்ளி.

நுரையீரல் டாக்டர் திரையில் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இது என்னன்னு படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஊசி விட்டு எடுக்கவும் வசதியில்லாத இடம். பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கா? அதுல இதே புள்ளி இதே அளவுல இருந்தா இது பழைய தழும்பு, நிம்மதியா வீட்டுக்குப் போயிடலாம். இல்லேன்னா திறந்து எடுத்துத்தான் பார்க்கணும்."

நூறு வருஷம் நாற்காலி நுனிக்கு வந்தார். "இருக்கு டாக்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. ரெண்டு காப்பி இருக்கு."

"பரவாயில்லையே! யாரும் வைக்கறதில்ல" என்றார் டாக்டர்.

டீச்சர் கணவரின் முழங்கையை லேசாக இடித்தார். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் மனைவியின் முன்னால் தன் வேலைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. அந்தச் சந்தோஷம் வீடு வந்து சேரும் வரைக்கும் இருந்தது.

டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்தார். கீழ்ப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. அதைப் பையில் வைத்து மறுநாள் சென்டருக்குக் கொண்டுபோய்ப் போட்டார். டிரைவ் சுற்றியது, இருமியது, மறுபடி சுற்றியது. படங்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. கழுத்து, தோள்பட்டை, நுரையீரலின் நுனி. எண் ஓடிக்கொண்டே போனது. நானூற்று எண்பத்தாறில் நின்றது.

நானூற்று எண்பத்தேழு இல்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

துடைத்துப் போட்டார். வேறு கம்ப்யூட்டரில் போட்டார். சென்டரில் இருந்த ஐந்து டிரைவிலும் போட்டார். எல்லாம் ஒரே இடத்தில் நின்றன. பிறகு ஸ்டோர் ரூமுக்குப் போனார். வருஷம், மாதம், தேதி என்று அவரே அடுக்கியது, கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பார். உறையிலிருந்து டிஸ்க்கை இழுத்தபோது வித்தியாசமாக ஒரு சத்தம் கேட்டது. ஈரத்தில் லேபிள் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க் வந்தது, லேபிளில் பாதி உறையிலேயே தங்கிவிட்டது. தங்கிய பாதியின் பின்னால் வெள்ளிப் பூச்சும் உரிந்து வந்திருந்தது. கையில் மிஞ்சியிருந்த பிளாஸ்டிக் வட்டத்தின் வழியாக எதிரிலிருந்த அலமாரி தெரிந்தது.

அவர் டிஸ்க்கை உறைக்குள் திரும்ப வைத்தார். அழுகையோ கோபமோ வரவில்லை. உள்ளே யாரோ பஞ்சை அடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பஞ்சு அதற்குப் பிறகு அவரை விட்டுப் போகவேயில்லை.

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றிலிருந்தும் தகவலை மீட்டுக் கொடுக்கும் கடை ஒன்று பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரர் வாயாடி, ஆனால் தொழில் தெரிந்தவர். வீட்டு டிஸ்க்கை வாங்கிக் குழல் விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"இங்க பாருங்க. சின்னச் சின்ன ஓட்டையா வெளிச்சம் வருதா? ஓரத்துலேர்ந்து நடுவை நோக்கி வந்திருக்கு. டிஸ்க்குல எழுதறது உள்ளேர்ந்து வெளியே. அதனால முதல்ல எழுதினது தப்பிச்சுது, பின்னாடி எழுதினது போச்சு."

"கீழ்ப்பக்கம் ஒரு கீறல் கூட இல்லையே. பத்திரமா வச்சிருந்தோமே?"

"எல்லாரும் கீழ்ப்பக்கத்தைத்தான் பத்திரமா வைப்பாங்க. அங்க கனமா பிளாஸ்டிக் இருக்கு சார், கீறினாலும் தேய்ச்சு எடுத்துடலாம். வெள்ளி இருக்கறது மேல்பக்கம், லேபிளுக்கு அடியில. நடுவுல ஒரு பூச்சுதான் காவல். அது மேல பசையைத் தடவினா பசை உள்ள இறங்கும், காகிதம் ஈரத்தை இழுக்கும், காய்ஞ்சா சுருங்கும். சுருங்கறப்போ வெள்ளியையும் சேர்த்து இழுத்துக்கிட்டு வரும்." டிஸ்க்கை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனவர் திடீரென்று சிரித்தார். "அட, ஒண்ணுக்கு மேல ஒண்ணு! ஒரு லேபிள் ஒட்டினவனைக் கூட மன்னிச்சிடலாம் சார். இந்த மகராசன் ரெண்டு ஒட்டியிருக்கான். யாரு சார் அந்தக் கலைஞன்?"

"ஆபீஸ்ல யாரோ" என்றார் அவர்.

"ஒண்ணும் ஒட்டாம சும்மா விட்டிருந்தாலே இது இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும்" என்று சொல்லி, கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தார். "இருக்கறது இருக்கு. போனது போனதுதான். நான் முயற்சி பண்ணி உங்களை அலைக்கழிக்க விரும்பல."

அழகு பார்த்து ஒட்டியது ஆளை அடித்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள். இவர் கதையில் பிள்ளையார் கச்சிதமாகத்தான் வந்தார், உள்ளே இருந்ததுதான் காணாமல் போனது.

டாக்டர் நானூற்று எண்பத்தாறாவது படத்தையும் புதிய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஸ்கேலை வைத்து அளந்தார். "இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் கீழே வந்திருந்தாப் போதும். புள்ளி அங்கதான் இருக்கு. அதாவது, இருந்திருந்தா." பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "ரெண்டு வழி இருக்கு. மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்து வளருதான்னு பார்க்கலாம். கெட்டதா இருந்தா அந்த மூணு மாசம் நமக்கு நஷ்டம். இல்லேன்னா இப்பவே எடுத்துடலாம். எடுக்கறதுன்னா அந்தக் கீழ்ப்பகுதியையே எடுக்க வேண்டியிருக்கும்."

"காத்திருக்கறது எனக்கு வராது டாக்டர்" என்றார் டீச்சர். "விசில் ஊதியாச்சுன்னா ஓடிடணும். எடுத்துடுங்க."

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது, "டிஸ்க் ஏன் போச்சாம்?" என்று கேட்டார்.

"பழசாயிடுச்சு" என்றார் கணவர். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. டீச்சர் தலையாட்டிவிட்டுப் பேருந்து வருகிறதா என்று பார்த்தார்.

நூறு வருஷம் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் அறைக்கு வெளியே நாலரை மணி நேரம் உட்கார்ந்தார். மகள் போனில் அழுதபோது, "அழாதேம்மா" என்று இரண்டு முறை சொன்னார், மூன்றாவது முறைக்கு வார்த்தை கிடைக்காமல் போனை மச்சினனிடம் கொடுத்தார். யாரோ வாங்கி வந்த காபியைக் குடித்தார், சர்க்கரை போட்டிருந்ததா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. மச்சினன் அவர் தோளைத் தட்டி, "மாமாவுக்கு எவ்வளவு மன தைரியம், பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான். தைரியமாம்! மரத்துப்போன காலை எத்தனை கிள்ளினாலும் வலிக்காது. அதைப் பார்த்து யாரும் காலைப் பாராட்டுவதில்லை.

எட்டாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. டாக்டர் காகிதத்தை மேசைமேல் தட்டினார். "பழைய தழும்புதான். எப்பவோ வந்த நெஞ்சுச் சளி ஆறிப்போன இடம். வருஷக்கணக்கா அங்கேயே இருந்திருக்கு, ஒரு தொந்தரவும் பண்ணாம. இருமல் வேற எதனாலோ."

வார்டே கொண்டாடியது. மச்சினன் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தான். நர்ஸ் டீச்சரின் கன்னத்தைத் தட்டினாள். பள்ளியிலிருந்து வந்த தலைமை ஆசிரியை, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். நூறு வருஷம் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். தலைக்கு ஒன்றுமே வரவில்லை, தலைப்பாகையைத்தான் தேவையில்லாமல் அறுத்துக் கொடுத்துவிட்டோம் என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் மூச்சுப் பயிற்சி செய்ய ஒரு கருவி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மூன்று கூண்டு, மூன்று பந்து, ஒரு குழாய். குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். முதல் வாரம் ஒரு பந்து ஏறியது. மூன்றாவது வாரம் இரண்டு. மூன்றாவது பந்து அடியிலேயே உட்கார்ந்திருந்தது, கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில், உடல்நிலையை முன்னிட்டு டீச்சரை நூலகத்துக்கு மாற்றியிருப்பதாக எழுதியிருந்தது. டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து ஊதிப் பார்த்தார். சத்தம் வந்தது. பாதியில் இருமல் வந்து அதை வெட்டிவிட்டது. விசிலைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினார். அந்த ஓசையைச் சமையலறையிலிருந்து கேட்டவருக்கு முதல் முறையாகப் பஞ்சுக்குள்ளே ஏதோ குத்தியது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

டீச்சர் குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"டிஸ்க் பழசாகிப் போகல. நான் ஒட்டின லேபிளாலதான் போச்சு. பசை வெள்ளியைத் தின்னுடுச்சு. உன்னோடதுல ரெண்டு ஒட்டினேன், முதல்லது கோணலாயிடுச்சுன்னு. அது இல்லேன்னா அந்தப் புள்ளி பழசுன்னு தெரிஞ்சிருக்கும். உன்னை வெட்டியிருக்கவே வேணாம்."

இதைச் சொல்லி முடித்துவிட்டு அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அடித்தால் இன்னும் நல்லது. டீச்சர் வெகுநேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது, விழவில்லை.

"கோணலா இருந்தா எனக்கென்னங்க?" என்றார் கடைசியில். "நான் எப்பவாவது அதை எடுத்துப் பார்த்தேனா?"

அவர் ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"தெரிஞ்சு எத்தனை நாளாச்சு?"

"ஆபரேஷனுக்கு முன்னாடியே."

டீச்சர் கருவியை மடியில் வைத்துக்கொண்டார். பந்துகள் உருண்டு ஓரத்தில் நின்றன. "அங்க எத்தனை டிஸ்க்ல ஒட்டியிருக்கீங்க?"

"பதினோராயிரம்."

"அதெல்லாம் என் டிஸ்க் மாதிரி மனுஷங்களோடதுதானே?"

"ஆமா."

"அதுலயும் நடுவுல கொஞ்சம் மிச்சம் இருக்கும்தானே, இன்னிக்கு வரைக்கும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் இங்க உக்காந்து என் மூஞ்சியை என்ன பாக்கறீங்க?" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை, உயர்த்த மூச்சும் இல்லை. ஆனால் அது நீள விசில்தான், அவருக்கு அடையாளம் தெரிந்தது.

மறுநாள் சென்டர் மேனேஜரிடம் போய் நின்றார். மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பத்து வருஷத்துப் பழசை யார் சார் வந்து கேக்கப் போறாங்க?"

"என் வீட்டம்மா கேட்டாங்க" என்றார் நூறு வருஷம். "கிடைக்கல."

மேனேஜர் அன்றைக்கே ஒரு பழைய கம்ப்யூட்டரையும் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கையும் ஸ்டோர் ரூமுக்கு அனுப்பி வைத்தார். வேலை நேரம் முடிந்த பிறகுதான் என்று கண்டிஷன் போட்டார். பழையதிலிருந்து ஆரம்பித்தார் அவர். ஒவ்வொரு டிஸ்க்கையும் உறையிலிருந்து மெல்ல உரித்து, துடைத்து, போட்டு, டிரைவ் சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வருவது வந்தால் அதைப் பிரதி எடுத்து வைப்பார். எதில் எத்தனையாவது படம் வரைக்கும் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். மீதியிருந்த லேபிள் கட்டுகளை முதல் நாளே குப்பையில் போட்டுவிட்டார். மேடையில் கொடுத்த சுவர்க் கடிகாரம் மட்டும் வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றவும் அவருக்கு மனம் எழவில்லை.

பகலில் ஜன்னலில் வழக்கம்போல டிஸ்க் கொடுத்தார், மேலே ஒன்றும் ஒட்டாமல், உறையில் மட்டும் பெயர் எழுதி. ஒரு பெண் வாங்கிக்கொண்டு, "இது எவ்வளவு நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டாள். பின்னால் நின்ற காவலாளி பழக்கதோஷத்தில், "நூறு வருஷம்" என்று சிரித்தான்.

"தெரியாதும்மா" என்றார் அவர். "வீட்டுக்குப் போனதும் இன்னொரு காப்பி எடுத்து வேற எடத்துல வைங்க. வருஷத்துக்கு ஒருதரம் போட்டுப் பாருங்க." காவலாளியின் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது டீச்சர் கருவியோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு எத்தனை?"

"பதினாறு. ஒம்பது முழுசா வந்துச்சு. நாலு பாதி. மூணுல ஒண்ணுமே இல்ல."

"அந்த மூணு யாரோடது?"

அவர் நோட்டைத் திறந்து மூன்று பெயர்களையும் வாசித்தார். ஒரு முழங்கால், ஒரு மூளை, ஒரு நெஞ்சு. டீச்சர் கேட்டுக்கொண்டார். பிறகு குழாயை வாயில் வைத்து இழுத்தார். முதல் பந்து ஏறியது, இரண்டாவது ஏறியது. மூன்றாவது ஒரு விரல் உயரம் எழும்பி, கொஞ்சம் நின்று, கீழே உட்கார்ந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"நாளைக்கும் போங்க" என்றார் டீச்சர்.